ஐந்து பேர் வரைக்கும் நிற்கலாம்

எங்கள் கல்லூரிக் கேன்டீன் சுவரில் ஒரு பலகை மாட்டியிருந்தார்கள். 'மாணவர்கள் கூட்டமாக நிற்கக் கூடாது.' எத்தனை பேர் சேர்ந்தால் கூட்டம் என்று அதில் சொல்லவில்லை. இரண்டு பேர் நின்று டீ குடித்தால் பி.டி. மாஸ்டர் பேசாமல் இருப்பார். மூன்றாவது ஆள் கிளாஸோடு வந்து சேர்ந்ததும் விசிலை வாயில் வைத்துவிடுவார்.

முதல் வருடம், சேர்ந்த புதிதில், ஒருவர் அந்தப் பலகைக்குக் கீழே நின்று நிதானமாகப் படித்து முடித்துவிட்டுப் பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"எங்க ஊரு தேவலை தம்பி. அங்க அஞ்சு பேர் வரைக்கும் நிக்கலாம்."

எந்த ஊர் என்று கேட்டேன். ரங்கூன் என்றார். அங்கே சட்டமே அப்படியாம், ஐந்துக்கு மேல் போனால்தான் குற்றமாம். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன்.

என் வகுப்புதான் அவர். ஆனால் எங்களைவிட ஆறேழு வயது மூத்தவர். பையன்கள் முதல் நாளே அவருக்கு 'பர்மா' என்று பெயர் வைத்துவிட்டார்கள். "பர்மாண்ணா, டிவிடி ப்ளேயர் ஒண்ணு சல்லிசா கெடைக்குமா?" என்று கேட்பார்கள். பாரிமுனைப் பக்கம் இருக்கும் பர்மா பஜாரைச் சொல்கிறார்கள் என்பது அவருக்குப் புரியக் கொஞ்ச நாள் பிடித்தது. புரிந்த பிறகு, "பில்லும் கிடையாது, வாரண்டியும் கிடையாது, பரவாயில்லையா?" என்று அவரே திருப்பிக் கேட்க ஆரம்பித்தார்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்கள் அவை. தாம்பரத்துக்குத் தெற்கே ஜி.எஸ்.டி. சாலையின் இரண்டு பக்கமும் வயலுக்குள் பொறியியல் கல்லூரிகள் எழும்பிக்கொண்டிருந்தன. எங்களுடையது வண்டலூரைத் தாண்டி, மெயின் ரோட்டிலிருந்து ரொம்பவும் உள்ளே தள்ளி இருந்தது. அந்தப் பெயரில் இப்போது அங்கே கல்லூரி இல்லை. ஆண்களுக்கு ஒரு மாடிப்படி, பெண்களுக்கு ஒரு மாடிப்படி. சட்டையைப் பேன்ட்டுக்குள் விட்டிருக்க வேண்டும், பேன்ட் பாக்கெட்டில் கையை விடக் கூடாது. கழுத்தில் அடையாள அட்டை தொங்காவிட்டால் வாசலைத் தாண்ட முடியாது. என்ன தப்புச் செய்தாலும் முதலில் அந்த அட்டையைத்தான் பிடுங்குவார்கள். அடுத்து ஒரே வாக்கியம்: "போய் அப்பாவைக் கூட்டிட்டு வா."

எனக்கு இதிலெல்லாம் குறை ஒன்றும் தெரியவில்லை. எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அத்தா பெருங்களத்தூரில் ஒரு தகரக் கொட்டகையில் வேனுக்கும் பஸ்ஸுக்கும் சீட் குஷன் தைக்கிற வேலை பார்த்தார். வீடு பீர்க்கன்கரணை ஏரிக்குப் பக்கம். கல்லூரி என்றால் எப்படி இருக்கும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள எங்கள் தெருவிலேயே ஆள் கிடையாது. அதனால், கல்லூரி என்றால் இப்படித்தான் இருக்கும் என்று நான் நம்பினேன். ஷூவுக்குப் பாலிஷ் போடுவதைக்கூடப் படிப்பில் ஒரு பகுதியாகத்தான் செய்தேன்.

பர்மா அண்ணாவுக்கு அந்த வசதி இல்லை. பல்கலைக்கழகம் என்றால் என்ன என்று அவருடைய அத்தா அவருக்குச் சொல்லி வளர்த்திருந்தார்.

வெள்ளிக்கிழமைகளில் பீர்க்கன்கரணையில் ஜும்மா தொழுதுவிட்டு அவர் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவார். ஆரம்பத்தில் நான் கூப்பிட்டு வந்தார். பிறகு என் அம்மா கூப்பிட்டு வந்தார். சாப்பிட்டுவிட்டு மதிய வகுப்புக்குக் கிளம்பும் வரை எனக்கு அவருடைய ஊர்ப் பல்கலைக்கழகத்தைப் பற்றிச் சொல்வார். நாட்டிலேயே பெரியது. வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடங்கள், தூங்குமூஞ்சி மரங்கள், பக்கத்தில் ஒரு ஏரி. அவருடைய அத்தா அங்கே படித்தவர். துணிக்கடைக்காரர் வீட்டிலிருந்து அங்கே போன முதல் ஆள். அவர் படித்துக்கொண்டிருந்தபோதுதான் ராணுவம் ஆட்சிக்கு வந்தது. மாணவர்கள் எதிர்த்தார்கள். ராணுவம் சுட்டது. மறுநாள் விடிவதற்குள் மாணவர் சங்கக் கட்டடத்தை வெடி வைத்துத் தகர்த்துவிட்டார்கள்.

"அந்த எடத்துல இப்ப என்ன இருக்குண்ணா?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் இல்லை. காலி மனை. புல்லு முளைச்சுக் கிடக்கும். பஸ்ஸுல போறப்ப எல்லாரும் அந்தப் பக்கம் ஒரு தடவை பார்ப்பாங்க. பார்த்துட்டு உடனே இந்தப் பக்கம் திரும்பிக்குவாங்க."

என் அத்தா சோற்றில் கை வைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். "மெயின் ரோட்டு மேல எடமா? அப்டியே வுட்டுட்டானுங்களா?" என்றார். எங்கள் பக்கத்தில் ஒரு சென்ட் நிலம் சும்மா கிடந்து அவர் பார்த்ததில்லை.

பர்மா அண்ணா பள்ளிக்கூடம் முடித்த வருடம் மறுபடி ஏதோ ஊர்வலம் நடந்து, எல்லாப் பல்கலைக்கழகங்களையும் மூடிவிட்டார்கள். இன்றைக்குத் திறப்பார்கள், நாளைக்குத் திறப்பார்கள் என்று அவர் கடையில் துணி கிழித்துக்கொண்டு காத்திருந்தார். வருடங்கள் போயின. திறந்தபோது பழைய இடத்தில் இளநிலை வகுப்புகளே இல்லை. ஆற்றுக்கு அப்பால், வயலுக்கு நடுவில் புதுக் கட்டடங்கள் கட்டி அங்கே மாற்றிவிட்டார்கள். பலருக்கு அதுவும் இல்லை, தபாலில் படிப்பு. தேர்வுக்கு முன்னால் சில நாள் மட்டும் வரச் சொல்வார்கள். பக்கத்தில் உட்கார்ந்தவன் பெயர் தெரிவதற்குள் வகுப்பு முடிந்துவிடும்.

"நம்ம காலேஜும் வயலுக்கு நடுவுலதானேண்ணா இருக்கு?" என்றேன்.

"இங்க நிலம் மலிவுன்னு கட்டினாங்க தம்பி. அங்க எங்களைப் பார்த்துப் பயந்து கட்டினாங்க."

அதனால்தான் அவர் கடல் தாண்டி வந்தார். அவருக்கு இந்த வயல் நடுக் கல்லூரியைவிட்டால் வேறு வழி இல்லை. திரும்பிப் போனால் மறுபடி துணி கிழிக்க வேண்டியதுதான். இதை அவர் அடிக்கடி சொல்வதில்லை. ஆனால் காய்ச்சலோடும் வகுப்புக்கு வருவார். பொத்தேரியில் அவரோடு அறையில் இருந்த பையன்கள் சினிமாவுக்குப் போனால் இவர் போகமாட்டார். யாராவது வாசலில் சண்டை போட்டால் அந்தப் பக்கமே திரும்பமாட்டார்.

மூன்றாம் வருடம் கோடையில் தண்ணீர்ப் பஞ்சம். கல்லூரியில் குடிதண்ணீர்க் குழாய்கள் காற்றை விட ஆரம்பித்தன. கேன்டீனில் தண்ணீர்ப் பாக்கெட் வாங்கித்தான் குடிக்க வேண்டும், அதுவும் காலை இடைவேளையோடு தீர்ந்துவிடும். ஒரு நாள் லேபில் ஒரு பெண் மயங்கி விழுந்தாள். அன்று மதியம் யாரும் வகுப்புக்குள் போகவில்லை. எல்லோரும் போர்ட்டிகோவில் உட்கார்ந்துவிட்டோம். எந்தப் பலகையும் கண்ணில் படவில்லை. பி.டி. மாஸ்டரின் விசில் ஒரு பக்கம் ஊதிக்கொண்டே இருந்தது.

கூட்டம் சேர்ந்தால் என்ன செய்ய வேண்டும் என்று பர்மா அண்ணா சின்ன வயதிலேயே பழகியிருந்தார். ஓடக் கூடாது. ஓடுகிறவனைத்தான் முதலில் பிடிப்பார்கள். தலையைக் குனியவும் கூடாது. நிமிர்ந்து, மெதுவாக, வீட்டுக்குப் போகிறவன் மாதிரி நடக்க வேண்டும். அன்றைக்கும் அவர் அதைத்தான் செய்தார். படியிறங்கி, பையை மார்போடு அணைத்துக்கொண்டு, நேராகப் பார்த்தபடி கேட்டை நோக்கி நடந்தார். கேட்டுக்குப் போகும் வழி போர்ட்டிகோ வழியாகத்தான்.

எங்களுக்கு அது வேறு மாதிரி தெரிந்தது. எல்லோரும் உட்கார்ந்திருக்க, வயதில் மூத்த ஒருவர், பயமே இல்லாமல், நிதானமாக நடுவில் நடந்து வருகிறார்.

"டேய், பர்மாண்ணன் வந்துட்டாருடா!"

"அவுரு பேசட்டும்டா. அவுருக்குதான் எக்ஸ்பீரியன்ஸ் கீது!"

எங்கள் மெக்கானிக்கல் பையன்கள் இரண்டு பேர் அவரை அப்படியே அள்ளித் தோளில் தூக்கிவிட்டார்கள். கைதட்டல் காதைப் பிளந்தது. அவர் வாயைத் திறக்கவில்லை. பையை விடவும் இல்லை. நான் பின்வரிசையில் இருந்தேன். அவருடைய முகம் எனக்குத் தெரிந்தது. பஸ் பிரேக் பிடிக்காமல் போகும்போது ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவரின் முகம் அப்படி இருக்கும். முதல் மாடி பால்கனியில் துணை முதல்வர் நின்று கீழே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கிருந்து பார்த்தால் நூற்றுக்கணக்கான தலைகளுக்கு மேலே ஒரே ஓர் ஆள்தான் தெரிந்திருப்பார்.

மறுநாள் தண்ணீர் லாரி வந்தது. அதற்கு முன்னாலேயே, வாசலில், பர்மா அண்ணாவின் அட்டையைப் பிடுங்கிவிட்டார்கள். அப்பாவைக் கூட்டி வர வேண்டும், இந்த வாரத்துக்குள். வராவிட்டால் டி.சி. கிழித்துக் கொடுத்துவிடுவோம் என்றார்கள். செமஸ்டர் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது.

அவருடைய அத்தா எப்படி வருவார்? அங்கே பாஸ்போர்ட் கேட்டுப் போனால் எதற்கு என்று கேட்பார்கள். இந்தியாவில் மகன் போராட்டத்தில் மாட்டிக்கொண்டான் என்று அந்த அரசாங்கத்திடம் போய்ச் சொல்ல முடியுமா? சேரும்போது கார்டியன் என்று கையெழுத்துப் போட்டவர் ஓர் ஏஜென்ட். அவர் எப்போதோ துபாய் போய்விட்டார்.

எங்கள் கல்லூரி மாணவர்களுக்கு இதற்கு ஒரு வழி தெரியும். கேட்டுக்கு எதிரே டீக்கடை வைத்திருந்த அண்ணன்தான் அது. சிவிலில் இரண்டு பேருக்கும், மெக்கானிக்கலில் ஒருவனுக்கும் அவர்தான் அப்பா. நல்ல சட்டை போட்டு, விபூதி வைத்து, வேண்டுமென்றால் கண்கலங்கவும் செய்வார். தோளில் தூக்கிய பையன்களே பர்மா அண்ணாவை அவரிடம் இழுத்துப் போனார்கள்.

"இன்னாபா, ரங்கூன்லேர்ந்து வர்ற அப்பான்னா பேன்ட்டா, லுங்கியா?" என்று கேட்டார் டீக்கடை அண்ணன்.

"அங்க எல்லாரும் லுங்கிதாண்ணா."

"அப்ப இப்டியே வந்துர்றேன். பால் மட்டும் பொங்காம யாராச்சும் பாத்துக்கங்க."

எல்லோரும் சிரித்தார்கள். பர்மா அண்ணாவும் சிரித்தார். பிறகு டீக்கடைக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேண்டாம் அண்ணே. எங்க அத்தா உயிரோட இருக்காங்க. இன்னொருத்தரைக் காட்டி இவங்கதான் அத்தான்னு நான் சொல்லக் கூடாது. எங்க மார்க்கத்துல அது பெரிய பாவம்."

"அடப் போய்யா, எனக்கு நாலாவது புள்ளை ஏறுதேன்னு சந்தோசப்பட்டேன்," என்றார் அவர். ஆனால் வற்புறுத்தவில்லை.

அன்று மாலை நான் வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். அத்தா கொட்டகையிலிருந்து வந்து கை கழுவிக்கொண்டிருந்தார்.

"நான் போயி இன்னாடா பேசறது? அவனுங்க இங்கிலீஷ்ல கேட்டா? அந்தக் கோவத்தை உம்மேல காட்டிட்டா இன்னா பண்ணுவே?"

அவர் பயந்தது எனக்காகத்தான். சேர்க்கை அன்று ஒரு தடவை வந்ததோடு சரி, அந்தக் கல்லூரிக்குள் அவர் காலெடுத்து வைத்ததில்லை. அம்மாதான் அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தார்.

"வாராவாரம் நம்ம வூட்டுல குந்தி சாப்புட்ற புள்ளை. நம்ம புள்ளை ரங்கூன்ல மாட்டிக்கினா அவங்க அத்தா போமாட்டாரா?"

அத்தா பெருநாள் சட்டையை எடுத்து இஸ்திரி போடக் கொடுத்தார்.

நாங்கள் அவருக்கு ஒரே ஒரு வாக்கியம் சொல்லிக் கொடுத்திருந்தோம்: "நான் இந்தப் பையனோட கார்டியன், சார்." பஸ்ஸில் வரும்போது உதட்டுக்குள் அதையே சொல்லிக்கொண்டு வந்தார். துணை முதல்வர் அறைக்கு வெளியே ஒரு பெஞ்சு. அட்டை பறிகொடுத்தவர்களின் அப்பாக்கள் அதில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே யாராவது சத்தம் போட்டால் எல்லோரும் ஒன்றாக எழுந்து நிற்பார்கள். அத்தா உட்காருமுன் பெஞ்சின் ரெக்ஸினை இரண்டு விரலால் அமுக்கிப் பார்த்தார். உள்ளே பஞ்சு செத்துப்போயிருந்தது.

எங்கள் முறை வந்ததும் அத்தாவும் பர்மா அண்ணாவும் உள்ளே போனார்கள். நான் கதவோரம் நின்றேன்.

"நீங்கதான் அப்பாவா?" என்றார் துணை முதல்வர்.

மனப்பாடம் செய்தது போய்விட்டது. அத்தா என்னைக் கைகாட்டி, "இல்ல சார். நான் இவனோட அத்தா," என்றார்.

"இவன் என்ன பண்ணான்?"

"இவன் ஒண்ணும் பண்ணல சார்."

"அப்புறம் எதுக்குய்யா வந்தீங்க?"

அத்தா பர்மா அண்ணாவைப் பார்த்தார். "அந்தப் புள்ளைக்கு இங்க யாரும் இல்ல சார். அதான்."

துணை முதல்வர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். கெட்ட மனிதர் என்று அவரை இப்போதும் என்னால் சொல்ல முடியவில்லை. அவருக்கு மேலே கல்லூரியின் சேர்மன் இருந்தார். சேர்மன் வரும் நாட்களில் இவரும் எங்களைப் போலவே சட்டையை உள்ளே விட்டுச் சரிபார்ப்பார். "சேர்மனுக்கு நான் பதில் சொல்லணும். ஸ்ட்ரைக்குக்கு இவன்தான் லீடர்னு எல்லாரும் பாத்திருக்காங்க," என்றார். பிறகு அவரே ஒரு வழி சொன்னார். திங்கட்கிழமை காலை அசெம்ப்ளியில், மைக்கில், எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்க வேண்டும். நான்தான் தூண்டிவிட்டேன், தப்பு என்று சொல்ல வேண்டும். சொன்னால் அட்டை கிடைக்கும். இல்லாவிட்டால் டி.சி.

அத்தாவுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. "முடிஞ்சுது போ," என்று வெளியே வந்ததும் பர்மா அண்ணாவின் முதுகில் தட்டினார். பஸ் ஸ்டாப் நிழற்குடையில் உட்கார்ந்த பிறகு பர்மா அண்ணா சொன்னார்.

"கட்டடத்தை வெடி வச்சாங்கன்னு சொன்னேன்ல மாமா? அப்புறம் எங்க அத்தாவையும் பிடிச்சுட்டுப் போனாங்க. வெளிய விடுறதுக்கு முன்னாடி, எல்லார் முன்னாடியும் நிக்க வச்சு, என்னை மத்தவங்க தூண்டிவிட்டாங்க, நான் தப்புப் பண்ணிட்டேன்னு சொல்ல வச்சாங்க. சொன்னாங்க. விட்டுட்டாங்க. அத்தா படிப்பு அன்னிக்கே நின்னுச்சு. இப்ப வரைக்கும் அந்த ரோட்டுல போக மாட்டாங்க. சுத்திக்கிட்டுத்தான் போவாங்க."

"ஒரு வார்த்தைதானேபா," என்றார் அத்தா மெதுவாக.

"அவங்களும் ஒரு வார்த்தைதான் சொன்னாங்க மாமா."

பஸ் வந்தது. நாங்கள் ஏறினோம். அவர் பொத்தேரிப் பக்கம் போகிற பஸ்ஸுக்காக எதிர்ச்சாரிக்குப் போனார். சொல்லுவாரா மாட்டாரா என்று என்னிடம் அத்தா கேட்டார். எனக்கும் தெரியவில்லை. சொல்லாமல் ஊருக்குப் போய்விட்டால் அவருக்கு என்ன மிஞ்சும் என்று யோசித்தேன். சொல்லிவிட்டு இங்கேயே இருந்தால் என்ன மிஞ்சும் என்றும் யோசித்தேன். பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி அதை யோசித்தேன்.

திங்கட்கிழமை அசெம்ப்ளியில் பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கமாக வரிசையில் நின்றோம். அவரை மைக் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்கள். வெள்ளைச் சட்டை, சவரம் செய்த முகம், கழுத்து மட்டும் வெறுமையாக இருந்தது. ரங்கூன் பள்ளிவாசலை ஒட்டிய பாடசாலையில் கற்ற தமிழ் அவருடையது. மைக்கில் கேட்டபோது வானொலிச் செய்தி போல இருந்தது.

"எல்லாருக்கும் வணக்கம். அன்றைக்கு எனக்குப் பயமாக இருந்தது. அதனால் வீட்டுக்குக் கிளம்பினேன். வழியில் என் நண்பர்கள் என்னைத் தோளில் தூக்கிவிட்டார்கள். எப்படிக் கீழே இறங்குவது என்று எனக்குத் தெரியவில்லை. இறங்காமல் இருந்ததற்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். தண்ணீர் வந்துவிட்டது. நன்றி."

முதலில் பெண்கள் பக்கம் ஒருத்தி சிரித்தாள். அது வரிசை வரிசையாகப் பரவி எங்கள் பக்கம் வந்தது. பி.டி. மாஸ்டர் விசிலைத் தேடினார். சிரிப்பில் கேலி இல்லை. தூக்கிய இரண்டு பேரும் தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தார்கள்.

துணை முதல்வர் மைக்கைக் கையால் மூடிக்கொண்டு, "அவ்வளவுதானா?" என்று கேட்டது முன்வரிசையில் இருந்த எங்களுக்குக் கேட்டது.

"நடந்தது அவ்வளவுதான் சார்."

அவர் பர்மா அண்ணாவை ஏற இறங்கப் பார்த்தார். மன்னிப்பு என்ற சொல் அதில் இருந்தது. எல்லோரும் கேட்டிருந்தார்கள். சேர்மனிடம் சொல்வதற்கு அது போதும் என்று கணக்குப் போட்டிருப்பார் என்று நினைக்கிறேன். சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்து நீட்டினார். "போ. க்ளாஸுக்குப் போ."

அன்று மாலை பெருங்களத்தூரில் ஐ.எஸ்.டி. பூத்துக்கு அவரோடு போனேன். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒருவர்தான் நிற்க முடியும். நான் கதவைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றேன். அவரும் அவருடைய அத்தாவும் போனில் பர்மிய மொழியில்தான் பேசுவார்கள். லைனில் வேறு யாரோ கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்று அவருடைய அத்தாவுக்கு எப்போதும் ஒரு பயம். புரியாத மொழியில் பேசினால் சந்தேகம் வரும் என்பார். அதனால் நலம், மழை, வியாபாரம் இவற்றைத் தாண்டிப் பேச்சு போகாது. அன்றைக்கு இவர் நின்று நின்று பேசினார். மறுமுனையில் ஏதோ கேட்டார்கள், இவர் பதில் சொன்னார். அதன் பிறகு அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் எனக்கே கேட்டது.

வெளியே வந்ததும் என்ன பேசினீர்கள் என்று கேட்டேன்.

"காலேஜுல இன்னிக்கு எல்லார் முன்னாடியும் மைக்குல பேசினேன்னு சொன்னேன். அத்தாவுக்குப் புரிஞ்சுபோச்சு. வேற ஒண்ணும் கேக்கலை. 'அப்புறம்?'னு மட்டும் கேட்டாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"அப்புறம் தெர்மல் லேப் இருந்துச்சு, போனேன்னு சொன்னேன்."